ஆளு கறாரு, ஆனா நாயமானவரு

அறுவடைக் காலத்தில் டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தரைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்கலாம்: "ஆளு கறாரு. ஆனா நாயமானவரு." சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து போகிற போக்கில் சொல்வதுதான். அந்த 'ஆனா'வை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கறாரும் நியாயமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை என்றால் நடுவில் 'ஆனா' வர வேலையில்லை. பேசுகிறவருக்கு இரண்டும் வேறு வேறு குணங்கள். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி.

எழுத்துத் தமிழ் இந்த வேறுபாட்டை அடிக்கடி கோட்டை விடுகிறது. கறாரான, கண்டிப்பான, கடுமையான, நேர்மையான, நடுநிலையான எல்லாம் ஒரே கூடையில் போட்டுக் கலக்கப்படுகின்றன. பஞ்சாயத்திலும் களத்துமேட்டிலும் வாய்க்கால் வரப்பிலும் புழங்குகிறவர்கள் அப்படிக் கலப்பதில்லை.

கறார் அரபு மூலம் உள்ள சொல், உருது வழியாக வந்தது. மூலத்தில் நிலைபெறுதல், முடிவு, உடன்பாடு என்று பொருள். தமிழிலும் அந்த வாசனை போகவில்லை. 'கறார் விலை' என்றால் பேரம் கிடையாது என்றுதான் அர்த்தம், விலை சரியானது என்று அர்த்தம் இல்லை. கந்துவட்டிக்காரரும் கறார்தான்: பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி. ஆக, பேசி முடித்ததில் நூல் பிசகாமல் நிற்பதுதான் கறார். பேசி முடித்தது நல்லதா கெட்டதா என்பதை அந்தச் சொல் கேட்பதே இல்லை.

கண்டிப்பு மேலிருந்து கீழே இறங்குவது. அப்பா கண்டிப்பு, தலைமையாசிரியர் கண்டிப்பு. சமமான இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவரின் தீர்ப்பைக் 'கண்டிப்பான தீர்ப்பு' என்று எழுதினால் இடறுகிறது. 'கண்டிப்பான நீதிபதி' என்றால் வாய்தா கொடுக்க மாட்டார், கைப்பேசி ஒலித்தால் விடமாட்டார் என்றுதான் வக்கீல்கள் புரிந்துகொள்வார்கள். தீர்ப்பின் தன்மை அதில் இல்லை. (இதே சொல்தான் 'கண்டிப்பா வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கும் உதவுகிறது.)

கடுமை, தண்டனையின் கனத்தைச் சொல்வது. கடுங்காவல், கடுங்குளிர், கடுந்தவம் எல்லாம் ஒரு வரிசை. தண்டனை கடுமையாக இருந்தும் தீர்ப்பு கோணலாக இருக்கலாம். கெடுபிடி என்பதோ அடிபட்டவர் வைக்கும் பெயர். எந்த அதிகாரியும் 'நான் கெடுபிடியானவன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

கொள்முதல் நிலையத்தில் இந்த நான்கும் ஒரே நாளில் வெளிப்படும். அங்கே நெல்லின் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். கருவி 17 காட்டினால் எடுப்பார்கள், 18 காட்டினால் காயவைக்கச் சொல்வார்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதிக்கொள்கிற ஆண்டுகளில் இந்த ஒரு சதவீதம் பெரிய சண்டை. வரம்பு வெறும் பிடிவாதம் இல்லை. 20 சதவீத ஈரத்தில் 40 கிலோ நெல் என்றால் அதில் 8 கிலோ தண்ணீர், 32 கிலோ உலர்பொருள். அதையே 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் சுமார் 38.55 கிலோதான் மிஞ்சும். மூட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தண்ணீரை நெல் விலைக்கு வாங்கியதாக ஆகும். அது போக, ஈர நெல் அடுக்கில் சூடேறிப் பழுத்துப் போகும், பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் 17 என்ற எண்ணில் நிற்பது கறார் மட்டுமே. மாதிரி எடுக்கிற கையில்தான் நியாயம் இருக்கிறது. குவியலின் மேல்பரப்பில் ஒரு பிடி அள்ளினால் வெயில் பட்ட நெல் வரும், எண் குறையும். அடியில் தரையோடு அள்ளினால் ஏறும். மேல், நடு, அடி என்று பல இடங்களிலும், மூட்டையாக இருந்தால் குத்தூசியால் பல மூட்டைகளிலும் எடுத்துக் கலந்து, இரண்டு மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும். வேண்டியவருக்கு மேல்பிடி, வேண்டாதவருக்கு அடிப்பிடி என்று எடுத்துவிட்டு 'கருவி காட்டுறதுதானே' என்று கைவிரிப்பவரும் கறாரானவராகத்தான் தெரிவார். வேண்டியவரைக் காப்பாற்றிய பங்குக்குப் பெயர் முகதாட்சண்யம். ஆளின் முகத்தைப் பார்த்ததும் 'இல்லை' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்வது. "மொகத்தப் பாக்காதீங்க மாமா, நெல்லப் பாருங்க" என்று அடுத்த வரிசைக்காரர் சொல்வது அதைத்தான்.

தளர்வு வேறு. மழைக்காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்பதும், சில ஆண்டுகளில் ஒன்றிய அரசு தளர்த்தி ஆணை விடுவதும் உண்டு. ஆணைப்படி எல்லா மூட்டைக்கும் ஒரே எண் என்றால் அது தளர்வு. ஒருவருடைய மூட்டைக்கு மட்டும் என்றால் அதற்கு ஓரவஞ்சனை என்று பெயர். இரண்டு இடத்திலும் வாங்கப்பட்ட நெல் ஒரே ஈரமாக இருக்கலாம்.

இந்த 'ஓரம்' என்ற சொல்லின் எதிரில்தான் நடு நிற்கிறது. தமிழில் நீதிக்கான பழைய சொற்களைப் பார்த்தால் பலவும் இடத்தையும் வடிவத்தையும் குறிப்பவை. நடுவில் நிற்பது நல்லது, ஓரத்தில் சாய்வது கெட்டது. நேராக இருப்பது நல்லது, வளைவது கெட்டது. கோடுதல் என்றால் வளைதல், கோடாமை என்றால் வளையாமை. கொடுங்கோல் என்பதைக் கொடுமை செய்யும் கோல் என்று இன்று படிக்கிறோம், முதல் பொருள் வளைந்த கோல். கொடுக்காய்ப்புளி சுருண்டு வளைந்திருப்பதால்தான் அந்தப் பெயர். செங்கோலின் செம்மையும் நேராக இருப்பதுதான், சிவப்பு இல்லை. கொடுங்கோலன் என்று ஒருவரைத் திட்டும்போது அவர் ரத்தம் சிந்தியதைச் சொல்கிறோம் என்று நினைக்கிறோம், சொல்லோ அவர் கோணிப்போனதைச் சொல்கிறது.

'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று குறள் (118) தராசைச் சொல்லும் இடத்தில் இரண்டு வினைகள் உள்ளன. சமன் செய்வது ஒன்று, சீர்தூக்குவது இன்னொன்று. வரிசையும் முக்கியம். பண்டத்தை வைக்கும் முன் வெறும் தட்டுகளோடு தராசு தன்னைத்தான் சமன் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறுப்பது. ஆனால் வெறும் தட்டு சமமாக நின்றாலே தராசு சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒரு கை நீளமாகவும் இன்னொரு கை குட்டையாகவும் செய்து, குட்டைப் பக்கத்துத் தட்டைக் கனமாக்கிவிட்டால் வெறும் தராசு அழகாகச் சமன் காட்டும். பிடிக்க ஒரே வழி, தட்டு மாற்றி நிறுப்பது. பண்டம் இருந்த தட்டில் எடைக்கல், எடைக்கல் இருந்த தட்டில் பண்டம். ஒரு தடவை 10.2 கிலோ, மறு தடவை 9.8 கிலோ என்று வந்தால் கை சமமில்லை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மை எடை, இங்கே கிட்டத்தட்ட 10 கிலோ. எண் சிறிதாக மாறும்போது சராசரியே போதும்.

மனிதருக்கும் இந்தச் சோதனை பொருந்தும். வாதியும் பிரதிவாதியும் இடம் மாறியிருந்தால் இதே தீர்ப்பா என்று கேட்பதுதான் தட்டு மாற்றி நிறுப்பது. மச்சான் மாடு என் வயலில் மேய்ந்தது, என் மாடு மச்சான் வயலில் மேய்ந்தது, இரண்டுக்கும் அபராதம் ஒன்றா? அடுத்த குறள் (119) சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டாகப் பிரிப்பது இங்கே உதவும். பேச்சில் கோணல் இல்லாமல் இருப்பது வெறும் தட்டு சமமாக நிற்பது மாதிரி. கை நீளம் உள்ளே இருக்கிறது.

அளவைச் சொற்களுக்கும் தஞ்சை மண்ணில் நல்ல விளைச்சல். பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர், நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர், அது ராஜகேசரி மரக்காலோடு ஒத்தது என்றும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எந்த மரக்கால் என்று சொல்லாமல் 'நூறு கலம்' என்று எழுதினால் நாளைக்குச் சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அளவு ஒன்றானாலும் அளக்கிற விதத்தில் ஏமாற்றலாம். உயரத்திலிருந்து கொட்டினால் நெல் இறுகி அதிகம் கொள்ளும், மெல்லச் சரித்தால் குறைவாகக் கொள்ளும். குலுக்கினால் இன்னும் இறங்கும். கோபுரமாகக் குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஒன்றாகாது. ஆகவே வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலைதட்டி அளக்கிறவர் பொய்யான மரக்கால் வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்வதும் இதையே: கொள்வதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார்.

அந்த இடத்திலேயே இன்னொரு உவமை வருகிறது, டெல்டாக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற' நெஞ்சு உடையவர்கள் என்கிறது பாட்டு. நுகத்தடியின் நடுவில் அடிக்கும் ஆணி பகலாணி. பகல் என்பது பகு என்ற வேரிலிருந்து வருவது, இரண்டாகப் பகுக்கும் இடம். ஏர்க்காலின் இழுவை முழுவதும் அந்தப் புள்ளியில்தான் விழும். இரண்டு காளைகளின் கழுத்துக்கும் நடுவே 40 அங்குலம், பூட்டு சரியாக 20இல் இருந்தால் பாதிப்பாதி. இரண்டு அங்குலம் நகர்ந்தால் பக்கத்துக் காளைக்கு 55 சதவீதம், தூரத்துக் காளைக்கு 45.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு காளை வலுவானது, இன்னொன்று இப்போதுதான் ஏருக்குப் பழகுகிற இளங்கன்று என்றால் பூட்டை வேண்டுமென்றே வலுவான காளைப் பக்கம் நகர்த்தலாம். சமபாதி போட்டால் இளசு தளர்ந்து பின்வாங்கும், நுகம் சாயும், சால் கோணும். நடு என்பது எப்போதும் அளவுகோலின் பாதி இல்லை. சமம் ஒரு கணக்கு, ஒப்பம், அதாவது அவரவர் வலுவுக்கு ஒத்தது, இன்னொரு கணக்கு. 'சரிபாதியாப் பிரிச்சுட்டேன், அப்புறம் என்ன?' என்று கேட்கிற மத்தியஸ்தர் நடுவில் நிற்கலாம், நுகம் அறிந்தவர் இல்லை.

காவிரி வழக்கு முழுவதும் இந்த ஒப்பத்தைத் தேடியதுதான். நடுவர் மன்றம் என்ற பெயரில் உள்ள நடுவர், நடுவில் இருப்பவர். 1990இல் அமைக்கப்பட்டு, 1991இல் இடைக்கால உத்தரவு தந்து, 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு சொன்னது. 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, மிச்சம் சுற்றுச்சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டிஎம்சியைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்து 10, பெங்களூரின் குடிநீருக்காக 4.75. இந்தக் கழித்தல் சரியா என்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் உப்பு நீர் ஏறிய கிணற்றடியில் நின்று கேட்டால் வேறு பதில் வரும். நல்ல வருடத்தில் எண்கள் போதும். பற்றாக்குறை வருடத்தில் எப்படிப் பகிர்வது என்பதில்தான் நடுவரின் நடு சோதிக்கப்படுகிறது.

எண்ணிலிருந்து வயலுக்கு இறங்கும்போது நீதி என்ற சொல் மறைந்து, முறை என்ற சொல் வந்துவிடுகிறது. தமிழில் இதைப் போல உழைக்கிற சொல் குறைவு. முறைமாமன், முறைப்பெண் என்று உறவு. 'மூணு முறை' என்று எண்ணிக்கை. 'இன்னிக்கு யாரு முறை?' என்று வரிசை. முறையிட்டால் புகார், முறை கெட்டால் முறைகேடு. பழைய தமிழில் முறை செய்வது என்றால் தீர்ப்பு வழங்குவது. இளைஞன் தீர்ப்புச் சொல்லத் தெரியாதவன் என்று முதியவர்கள் எண்ணியபோது சோழன் நரைமுடி வைத்துக்கொண்டு வந்து 'முறை செய்தான்' என்று பழமொழி நானூறு சொல்லும். கரிகாலனின் கதை என்பார்கள். பாட்டில் இருக்கும் சொல் முறைதான்.

தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறைப்பாசனம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஆறுகளுக்கு முறை வைத்துத் திறப்பார்கள், அதன் கீழே வாய்க்காலுக்கு முறை, அதன் கீழே வயலுக்கு முறை. எல்லாருக்கும் ஆறு மணி நேரம் என்றால் சமம் போலத் தெரியும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் தரையை நனைத்து, வெடிப்பை நிரப்பி, கசிந்து, கடைமடைக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். தலைமடைக்காரருக்கு ஆறு, கடைமடைக்காரருக்கு நான்கு. மதகு திறந்த நேரத்திலிருந்து எண்ணினால் கறாராக இருக்கும், அவரவர் மடைக்குத் தண்ணீர் வந்த நேரத்திலிருந்து எண்ணினால்தான் முறையாக இருக்கும். இன்னும் இரண்டு இடங்களில் இது கெடும். ஒன்று, ராத்திரி முறை எப்போதும் ஒருவருக்கே விழுவது. ஒரு சுற்று சரியாக முழு நாட்களில் முடிகிறதா என்று பார்த்து அவ்வப்போது அரை நாள் தள்ளி வைக்காவிட்டால் அதே ஆள் அரிக்கேனும் மண்வெட்டியுமாக வரப்பில் கிடப்பார். இன்னொன்று, முறை முடிந்ததும் மடையை அடைக்கிற விதம். வைக்கோல் செருகி மண் போடாமல் வெறும் சேற்றை அப்பினால் அடுத்தவர் முறையில் பாதி இவர் வயலுக்குள்ளேயே கசியும்.

திருவாரூரில் நின்றுகொண்டு மனுநீதிச் சோழனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோயில் அருகே கல்தேர் நிற்கிறது, ஆட்சியர் அலுவலகங்கள் மனு வாங்க மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கின்றன. தேர்க்காலில் கன்று மடிந்தது, பசு மணி அடித்தது, மகன் மேல் தேரை ஏற்றினான். இந்தக் கதை எந்தச் சொல்லுக்கு உதாரணம்? கோடாமைக்கு நிச்சயமாக: மகன் என்றும் பாராத கை. ஆனால் குறள் (561) மன்னனிடம் இன்னொன்றும் கேட்கிறது, 'ஒத்தாங்கு ஒறுப்பது', குற்றத்தின் அளவுக்கு ஒத்த தண்டனை. தெரியாமல் நடந்த விபத்துக்கு உயிர் என்பது அந்த அளவுகோலில் நிற்காது. தேர் ஏற்ற மனம் வராமல் அமைச்சர் தன் உயிரை விட்டதாகப் பெரியபுராணம் சொல்வதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கன்றும் மகனும் அமைச்சரும் கடைசியில் பிழைத்து எழுவதால் கணக்கு சரியாகிறது. வீதிகளில் வழக்குத் தீர்ப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு உதவுவது அடுத்த குறள்தான் (562): கடுமையாக ஓங்கு, மெல்ல அடி.

கண்ணோட்டம் என்ற சொல்லின் கதி தனி. குறளில் அது இரக்கம், பழகியவர் மேல் கண் ஓடுவது. இன்று 'அரசியல் கண்ணோட்டத்தில்' என்று பார்வைக் கோணமாகிவிட்டது. ஆகவே 'ஓர்ந்து கண்ணோடாது' (541) என்று படிக்கிற இன்றைய பிள்ளைகள் எதையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சொல்வது வேறு: குற்றத்தை ஆராய், வேண்டியவர் பக்கம் கண்ணை ஓட விடாதே, எவரிடத்தும் தேர்ந்து செய். ஆராய்வதும் தேர்வதும் சேர்ந்தால்தான் முறை என்கிறது அந்தக் குறள். இரக்கமே கூடாது என்றும் இல்லை, காரியம் கெடாமல் இரங்கச் சொல்லித் தனி அதிகாரமே இருக்கிறது.

மத்தியஸ்தன் என்ற சொல்லைச் சோழர் காலச் சபைகள் பதவிப் பெயராகவே வைத்திருந்தன. டெல்டாவுக்கு வெளியே, தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (919, 921) மத்தியஸ்தன் ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்று சொல்கிறது: ஐந்து விரலும் அகல வைத்து, உள்ளங்கையில் ஏற்று. விரலிடுக்கில் வேறு ஓலை இருக்க வழியில்லை. நேர்மையாக வாங்குக என்று கல்லில் வெட்டியிருந்தால் அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

மனுநீதி நாளில் கொடுக்கும் மனுக்களில் 'அநியாயம்', 'அக்கிரமம்', 'பாரபட்சம்' மூன்றும் வரிக்கு வரி வரும். வாங்குகிறவர் அவற்றைக் கடந்து போய்விடுவார். பாரபட்சம் என்று எழுதினால் இரண்டு பேர் வேண்டும்: என் நெல் 17.5இல் திரும்பியது, அதே நாள் அதே இடத்தில் இன்னொரு குவியல் 18இல் எடுக்கப்பட்டது. முறைகேடு என்றால் மீறப்பட்ட விதி எது என்று வேண்டும்: சாக்கின் எடையைக் கழிக்கவில்லை, மாதிரியை ஒரே இடத்தில் எடுத்தார்கள். கெடுபிடி என்றால் விதியில் இல்லாத எதைக் கேட்டார்கள் என்று வேண்டும். கறாராக நடந்துகொண்டார் என்று மட்டும் எழுதினால் அது புகாரே இல்லை, பாராட்டுக் கடிதம். தேதி, நேரம், மூட்டை எண்ணிக்கை, கருவி காட்டிய எண், உடன் இருந்தவர்கள், இவ்வளவும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அநியாயம் என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகும் இடம் மிச்சமிருந்தால் கடைசி வரியில் ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம்.